அடைப்பு வீட்டில் ஒரு லைன்

2023, ஐப்பசி மாதம், சதய நட்சத்திரம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சீனுவாசனுக்கு அதுவரை நட்சத்திரங்களோடு எந்த வரவு செலவும் இருந்ததில்லை. தன்னுடையது என்ன நட்சத்திரம் என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. அன்று சாயங்காலம் விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்து வாடகை வீட்டில் அவருடைய மனைவி அம்சா இறந்துபோனாள். மறுநாள் பாடை கட்டி முடிப்பதற்குள் யாரோ பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டார்கள். சதயத்தில் போன உயிர். ஆறு மாதம் அடைப்பு.

சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அந்த வீட்டைப் பூட்டிப்போட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். உள்ளே ஆள் புழங்கக் கூடாது, பொருளை எடுக்கக் கூடாது. மீறினால் அதே கூரையின் கீழ் இன்னொரு சாவு நடக்கும் என்பார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் சாவு விழுந்த அறையை மட்டும் பூட்டிவிட்டு மற்ற இடத்தில் இருந்துகொள்வார்கள். சீனுவாசன் குடியிருந்தது கீழ்ப்போர்ஷன். ஒரு கூடம், ஒரு சமையலறை. பூட்டினால் முழுதும் பூட்டியதுதான்.

வீட்டுக்காரி கெங்கம்மாள் மாடியில் இருந்தாள். அம்சாவுக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவள், துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் வடித்துக் கொட்டியவள். கருமாதி முடிந்த அன்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"சீனு, உன்ன வெளிய போன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. ஆனா மேல என் பேரப்புள்ளைங்க படுத்துக்கினு இருக்குது."

சீனுவாசன் தலையாட்டினார். நெரிசலான பஸ்ஸில் முன்னால் போங்க, உள்ளே போங்க என்று ஊரையே தள்ளி நிறுத்திய மனிதர். தன்னைத் தள்ளுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை.

திண்டிவனத்தில் இருந்த தம்பி நடராசன், செஞ்சி ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் போர்ஷன் பிடித்துக் கொடுத்தான். கட்டில், பாத்திரம், துணி எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் ஏறின. துக்க வீட்டுக்காரர் குடிபோவதற்கு நல்ல நேரம் யார் குறித்துத் தருவார்கள்? பால் காய்ச்சவில்லை. சாமான்களை இறக்கினார்கள், அவ்வளவுதான். கிளம்பும் அவசரத்தில், எலுமிச்சம்பழம் கட்டிப் பூட்டிய கதவுக்கு உள்ளே ஒரு பொருள் நின்றுபோனது. கூடத்துச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நெட் பெட்டி. அதைக் கழற்றவும் இல்லை, சுவிட்சை அணைக்கவும் இல்லை. அழுதுகொண்டே வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தப் பெட்டி அந்த வீட்டுக்கு வந்ததே மகள் சங்கவிக்காக.

சங்கவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சில வருஷம் போய் உட்கார்ந்து வந்தாள். தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதுவாள், அதற்கு மேல் எழுத்து கூடிவரவில்லை. ஆனால் வீட்டுக்குள் அவளுக்கு ஒரு பாஷை இருந்தது. அவளும் அம்சாவும் சேர்ந்து கையாலேயே கட்டியது. உலகத்தில் வேறு எங்கும் செல்லாத பாஷை. விசில் ஊதுவது போல இரண்டு விரலை உதட்டில் வைத்தால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டு மேலே காட்டினால் கெங்கம்மாள். மல்லாட்டைக் கடலை உரிப்பது போலக் கட்டைவிரலை நெருடினால், காணையில் இருக்கும் அம்சாவின் பிறந்த வீடு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் நான்கு கைகளும் ஓயாது. வீடு நிசப்தமாக இருக்கும், ஆனால் அங்கே ஒரு சண்டையும் இரண்டு வம்பும் நடந்துகொண்டிருக்கும்.

சீனுவாசனுக்கு அந்தப் பாஷையில் டிக்கெட் கிழிக்கும் அளவுக்குத்தான் வரும். சாப்பிட்டாயா, காசு வேண்டுமா, வா, போ, போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அம்சா இருந்தாள். மகள் சொல்வதை அவள் வாயால் சொல்லுவாள், இவர் சொல்வதைக் கையால் சொல்லுவாள். வேலையிலிருந்த காலம் பூராவும் அவருக்குப் பெரும்பாலும் கடைசி டிரிப்தான். வீடு திரும்பும்போது பெண் தூங்கியிருக்கும், கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும்.

சங்கவியைத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ராஜ்குமாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவனுக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் முறையாகச் சைகை படித்தவன். நல்ல பையன். புருஷன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்துச் சைகையில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அம்மாவோடு பேச வீட்டுப் பாஷைதான் வேண்டும். அதனால் ஆடித் தள்ளுபடியில் ஒரு கம்பெனியின் நெட் லைனை சீனுவாசன் தன் பெயரில் போட்டார். ஒரு வருஷம் ஒப்பந்தம். பெட்டி இலவசம். சிம் இல்லாத, பெரிய திரை வைத்த ஒரு டேப் வாங்கி, அதற்குச் சுவரில் திருகு ஆணி அடித்து ஒரு தாங்கியும் பொருத்தினார். தாங்கி கட்டாயம் வேண்டும். மற்றவர்கள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பேசலாம். இவர்களுக்குப் பேசவே இரண்டு கையும் வேண்டுமே.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்சா அந்தத் தாங்கிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். சீனுவாசன் அந்த நேரத்தில் தெருமுனையில் பழைய டிரைவர்களோடு உட்கார்ந்திருப்பார். பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டார்.

அம்சாவுக்கு வாதம் வந்தது விளக்கு வைக்கிற நேரம். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, சீனுவாசன் அவளைக் கட்டிலில் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயால் பேச முடியவில்லை என்று தெரிந்ததும் அம்சா இடது கையைத் தூக்கினாள். முதலில் அவரை ஒதுங்கச் சொல்வது போலக் கையை வீசினாள். காற்று வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணி அவர் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தார். பிறகு அந்தக் கை காது மடலைத் தொட்டது. உள்ளங்கை கன்னத்துக்குப் போனது. அங்கிருந்து இறங்கி நெஞ்சின் மேல் விரல் விரித்துப் படிந்தது. காது, கன்னம், நெஞ்சு. திரும்பவும் காது, கன்னம், நெஞ்சு.

தண்ணீருக்கான சைகை அவருக்குத் தெரியும், அது இல்லை. வலிக்கான சைகை தெரியும், அதுவும் இல்லை. "இன்னா அம்சா? இன்னா சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தார், அவள் முகத்தைத் திருப்பினாள். மூன்றாவது முறை கை நெஞ்சுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

யார் செத்தாலும், கடைசியாக என்ன சொன்னார் என்று ஊர் கேட்கும். சீனுவாசனையும் கேட்டார்கள். பேச முடியவில்லை என்று சொன்னார். அது பொய். அவள் பேசினாள். அவர்தான் கேட்கத் தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பேச்சைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். சாவுக்கு வந்த சங்கவி கருமாதி வரைக்கும் கூடவே இருந்தாள். வீடு நிறைய ஜனம். ஒரு நாள் அவள் தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார். அவள் தலை நிமிர்த்திப் பார்த்தாள். அவருடைய கை மடியை விட்டு எழும்பவில்லை. அம்சா ஏதோ கேட்டிருந்து, தான் கொடுக்காமல் விட்டிருந்தால்? அதை அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டுமா? சாப்பிட்டாயா என்று சைகை செய்துவிட்டு எழுந்து போனார்.

திண்டிவனம் வந்த பிறகுதான், கேட்காமல் இருக்க முடியாது என்பது தெரிந்தது. கை தானாகவே காதுக்குப் போனது. டீ ஆற்றும்போது, பல் விளக்கும்போது. ஆனால் கேட்பதற்கு வழி இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். டேப் இருந்தது, நெட் இல்லை. நடராசன் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே நின்றான். அந்தப் போர்ஷன் இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில் இருந்தது, சிக்னல் நூல் போலத்தான் உள்ளே வரும். சங்கவியின் முகம் வந்தது. சீனுவாசன் மூச்சை இழுத்துக்கொண்டு இடது கையைக் காதுக்குக் கொண்டுபோனார். படம் அங்கேயே உறைந்துவிட்டது. வாய்ப்பேச்சு என்றால் விட்டு விட்டுக் கேட்டாலும் அர்த்தம் பிடிபடும். கைப்பேச்சு நின்றால் வெறும் பொம்மை. மறுநாள் நடராசனின் போனுக்கு ராஜ்குமாரிடமிருந்து ஒரு படம் வந்தது. காதுக்கு விடும் சொட்டு மருந்து பாட்டில்.

நடராசன் சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"வேற லைன் ஒண்ணு போட்டுக்கோணா."

"போட்ட லைனே பூட்டின வூட்ல ஓடிக்கினு கெடக்குது, ரெண்டுத்துக்குக் கட்ட முடியுமா? அத்த இங்க மாத்தியாரேன்."

மார்கழியில் ஒரு நாள் டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். கம்பெனி ஆபீஸ் திருச்சி ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சங்கவி வயசுதான் இருக்கும். பொறுமையாகக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். திண்டிவனத்தில் அவர்களுடைய ஒயர் ஓடுகிறது, ஆனால் இவர் சொல்லும் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வந்திருந்தால் இலவசமாகவே மாற்றிக் கொடுத்திருப்பார்களாம்.

அப்படியானால் லைனை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். ஒப்பந்தம் ஆடி வரைக்கும் இருக்கிறது, மிச்சத்தைக் கட்ட வேண்டும், கூடவே பெட்டியைக் கழற்றிக்கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றாள்.

"பெட்டி அடைப்புல மாட்டிக்கினு இருக்குதும்மா."

அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள். இதே ஜில்லாவில் வானூர்ப் பக்கத்துப் பெண். விளக்கம் ஏதும் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னா நட்சத்திரம் சார்?" என்றாள்.

"சதயம்."

"அப்ப சித்திரை வரைக்கும் தொடக் கூடாது சார்." பெட்டியைப் பற்றிய கம்பெனி விதிக்கும் நட்சத்திரத்தைப் பற்றிய ஊர் விதிக்கும் நடுவில் அவள் சற்று நேரம் யோசித்தாள். "லைன் பாட்டுக்கு ஓடட்டும் சார். வூடு பூட்டியிருக்குதுன்னு லைனுக்குத் தெரியவா போவுது?"

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் படியிறங்கும்போது அந்தச் சொல் அவரோடு கூடவே இறங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் கீழ்ப்பெரும்பாக்கத்துக்குப் போனார். வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து உண்டு, கூடத்து ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்தபடி இருக்கும். கம்பிகளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தார். இருட்டுக்குள் சின்னச் சின்னதாகப் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

பைக்குள் டேப் ஒருமுறை அதிர்ந்தது. பிறகு நிற்காமல் அதிர்ந்தது. அத்தனை நாளாக சங்கவி அனுப்பிக்கொண்டே இருந்த படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவள் வைத்த குழம்பு. மொட்டைமாடித் துணிக்கொடி. ஊதா நிறத்தில் புதுப் புடவை. அம்மாவின் படத்துக்குப் போட்ட மாலை. தினமும் ஒன்றாவது இருந்தது.

டேப்பை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே செருகி, சந்துக் கொடியில் தொங்கிய துணி கிளிப்பால் பிடித்து நிறுத்தினார். இரண்டு கையும் விடுபட்டன. கூப்பிட்டார். சங்கவி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் சந்துச் சுவரைப் பார்த்தாள், எங்கே நிற்கிறார் என்று புரிந்துகொண்டாள். அவளே முதலில் கையைத் தூக்கினாள், சாப்பிட்டாயா என்று.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் சீனுவாசன் விழுப்புரம் வந்தார். சங்கவிக்கும் அன்றுதான் லீவு. அவள் மெதுவாகப் பேசினாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத் திருப்பித் திருப்பிச் செய்து காட்டினாள். அவருடைய கைக்கு மழை வந்தது, கடன்காரன் வந்தது, பொறாமை வந்தது, பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். தப்பாகச் செய்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள், அம்சா சிரிப்பது போலவே வாயைப் பொத்திக்கொண்டு. சில சமயம் அவள் கை தன்னை அறியாமல் பள்ளிக்கூடத்துச் சைகைக்குப் போய்விடும். இவர் விழிப்பதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கி, பழைய சொல்லைத் தேடி எடுப்பாள். சில சொற்களை அவள் தேட வேண்டியிருந்தது. அதை அவர் கவனித்தார்.

அதைக் கவனித்த பிறகும், காது, கன்னம், நெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த வாரம் என்று தள்ளினார். கேட்காத வரைக்கும் அம்சா இன்னும் ஏதோ சொல்ல வேண்டியவளாக இருந்தாள். பதில் தெரிந்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

சந்து வழியாக ஆள் நடமாட்டம் இருந்தது. செத்தவள் வீட்டுப் பூட்டிய ஜன்னலுக்கு முன்னால் ஒரு கிழவர் நின்றுகொண்டு கையை ஆட்டுகிறார், நெஞ்சைத் தொடுகிறார், சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார். அவருடைய முதுகுதான் தெரியும், டேப் தெரியாது. கதை கிளம்புவதற்கு இது போதாதா? முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் பவுனுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா கண்டக்டரே, அம்சாக்கா நல்லாகீதா? எனக்கு மாவு புளிச்சிக்கினே போவுது, பக்குவம் கேட்டுச் சொல்லு."

விளையாட்டாகத்தான் கேட்டாள், ஆனால் கேட்கும்போது ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அடுத்த வாரம் சந்தில் பிள்ளைகள் விளையாடுவது நின்றுபோனது. ஜன்னலுக்குள் பச்சைக் கண் தெரிகிறது என்று பேச்சு. அம்சா உள்ளேயே இருக்கிறாள், புருஷனை விடமாட்டேன் என்கிறாள் என்று பேச்சு. பேச்சு மாடிப்படி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மாசி பிறந்திருந்தது. கெங்கம்மாள் படியில் பாதி இறங்கி அங்கேயே நின்றுகொண்டாள்.

"ஊரே பேசுது சீனு. உள்ள எதுவோ மினுக்குதாமே."

"நெட்டு பெட்டிக்கா. அன்னிக்கி அணைக்காத வுட்டுட்டோம்."

"எதுவா வேணா இருக்கட்டும். அடைப்பு வூட்ல வெளிச்சம் ஆவாது. வர்ற அமாவாசைக்குள்ள மெயின் ஃபியூஸப் புடுங்கச் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

மறுத்துப் பேச சீனுவாசனிடம் நியாயம் இல்லை. வீடு அவளுடையது, பயமும் அவளுடையது.

"வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் குடுக்கா. அவள ஒண்ணு கேக்கணும்."

கெங்கம்மாள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். "எவள?"

"எம் பொண்ணத்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் சந்துக்குள் சாய்வாக விழுந்திருந்தது. டேப்பைக் கம்பியில் செருகும்போது கிளிப் இரண்டு முறை நழுவியது. சங்கவி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அம்மா என்றார். கட்டில் என்றார். கை விழுந்துவிட்டது என்று வலது கையைத் தொங்கவிட்டுக் காட்டினார். துண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவள் அசையாமல் பார்த்தாள்.

அவர் இடது கையைத் தூக்கினார். காது. கன்னம். நெஞ்சு. திரும்பவும் காது, கன்னம், நெஞ்சு. மூன்றாவது முறை நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நிறுத்திக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை.

சங்கவியின் முகம் உடைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். சீனுவாசன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் நிமிர்ந்தபோது கண்களைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்தாள். அறையின் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையை முட்டி உயரத்தில் காட்டினாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது. பயந்து நடுங்குவது போலச் செய்தாள், சுவிட்சைக் காட்டினாள், இருட்டு. தன் இரண்டு கைகளையும் காட்டி, அவை மறைந்துபோவதாகக் காட்டினாள்.

அவருக்குப் புரிந்தது. இருட்டினால் கை தெரியாது. கை தெரியாவிட்டால் அம்மாவும் இல்லை, பேச்சும் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இருட்டில் ஒரு குரலாவது இருக்கும்.

பிறகு அவள் அம்மாவானாள். எதிரே இல்லாத ஒரு குழந்தையின் காது மடலைத் தொட்டாள், பயப்படாதே. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தாள், தூங்கு. விரல்களை விரித்து நெஞ்சின் மேல் வைத்தாள், நான் இங்கேதான் இருக்கிறேன். சுவிட்சை அணைத்தாள்.

திரை கறுத்துப்போனது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார், பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. திரையில் மீண்டும் வெளிச்சம் வந்தது. சங்கவி அதே இடத்தில், நெஞ்சில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா அதைச் செய்துவிட்டுத்தான் ஒவ்வொரு ராத்திரியும் லைனை வைப்பாள் என்று டேப்பைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

கடைசி டிரிப் முடித்து வந்த ஒரு ராத்திரியாவது அவர் அதைப் பார்த்திருக்க முடியுமா? விளக்கை அணைத்த பிறகுதானே அவர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுக்குப் பிறகோ, தெருமுனையில் இருந்தார்.

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. கூடத்தில் கட்டில் எங்கே கிடந்தது, தாங்கி எந்தச் சுவரில் இருந்தது, தான் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை ஜன்னல் வழியாகவே பார்த்தார். அம்சா அவரை ஒதுங்கச் சொன்னது காற்றுக்காக இல்லை. கட்டிலுக்கும் தாங்கிக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். தாங்கியில் டேப் அணைந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாள். தண்ணீர் கேட்கவில்லை, வலி என்று சொல்லவில்லை. அவரிடம் எதுவுமே சொல்லவில்லை.

இதை அவர் சங்கவியிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பாஷையும் போதாது. அம்மா உன்னைத்தான் பார்த்தாள் என்று மட்டும் சொன்னார். அது சரியாக வந்தது.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. கெங்கம்மாள் எப்போது படியிறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கவி அவளைப் பார்த்துவிட்டு, மூக்குத்தியைத் தொட்டு விரலை மேலே காட்டினாள்.

"அது இன்னா சீனு, இன்னாவோ சொல்லுது?"

"உம் பேருக்கா."

இருபது வருஷத்துக்கு மேலாகத் தன் காலுக்குக் கீழே தனக்கு ஒரு பெயர் இருந்தது என்பது கெங்கம்மாளுக்குத் தெரியாது. மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போகும்போது, ஃபியூஸ் சித்திரை வரைக்கும் கெடக்கட்டும், அப்புறம் வேற ஆள் குடி வருது என்று மட்டும் சொன்னாள். பவுனுவிடமும் அவளே போய்ப் பேசியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சந்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

திண்டிவனத்தில் நடராசன் கேட்டான், அண்ணி கடைசியில் என்னதான் சொன்னாளாம் என்று.

"தூங்கச் சொன்னா," என்றார் சீனுவாசன்.

இப்போது பங்குனி. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முடியும்போது அவர் காதைத் தொட்டு, கன்னத்தைத் தொட்டு, நெஞ்சில் கை வைக்கிறார். அவர் பார்த்தது இடது கையால் செய்ததைத்தான் என்பதால் அவருக்கு அது இடது கையில்தான் வருகிறது. சங்கவி திருத்துவதில்லை. அவருடைய செஞ்சி ரோட்டுத் தெருவுக்கு ஒயர் இன்னும் வரவில்லை. சித்திரை கடைசியில் பூட்டைத் திறந்து வீட்டைக் கழுவிவிடுகிறார்கள். ஆடி வரைக்குமான மிச்சத்தைக் கட்டி, பெட்டியைக் கழற்றி அன்றைக்கே திருச்சி ரோட்டு ஆபீசில் ஒப்படைக்க வேண்டும்.